ஓட்டம் முடிந்த மறுநாள்

கிராஸ்கன்ட்ரி ஓட்டத்துக்கு மறுநாள் காலை. கெட்டியான சமதளப் பாதை ஒன்று. ஓரத்தில் நடுவர்கள், அவர்கள் பக்கத்தில் கால்நடை மருத்துவர். குதிரையின் முதுகில் சேணம் இல்லை, காலில் கட்டுத்துணி இல்லை. நேற்று அதன்மேல் அமர்ந்து வேலிகளையும் பள்ளங்களையும் தாண்டியவர் இன்று கடிவாளத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுகிறார். முதலில் சில அடி நடை, பிறகு துள்ளுநடை, கோடியில் ஒரு திருப்பம், மறுபடி துள்ளுநடை. ஒரு குதிரைக்கு ஓரிரு நிமிடம்தான். நான்கு குளம்புகளும் ஒரே தாளத்தில் தரையில் விழுந்தால் ‘ஏற்கப்பட்டது’ என்று அறிவிப்பார்கள். ஒரு கால் கொஞ்சம் தயங்கினாலும் ஒதுக்கி நிறுத்தி மருத்துவர் சோதிப்பார். தேறாவிட்டால், நேற்றைய பட்டியலில் முதலிடத்தில் இருந்த குதிரையும் லாயத்துக்குத் திரும்ப வேண்டியதுதான்.

ஈவென்டிங் எனப்படும் இந்தக் குதிரையேற்றப் போட்டிக்கு ராணுவம்தான் தாய்வீடு. 1912-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இது முதன்முறையாக இடம்பெற்றபோது பங்கேற்றவர்கள் அனைவரும் பணியிலிருந்த ராணுவ அதிகாரிகள். நெடுந்தூர ஓட்டம் மட்டுமே சுமார் 55 கிலோமீட்டர். கடைசிக் கட்டமாகத் தடைதாண்டுதலை வைக்கும் வழக்கம் பின்னர் நிலைத்தது. அதன் நோக்கம் தாண்டும் உயரத்தைப் பார்ப்பது அல்ல. முந்தைய நாள் உயிரைக் கொடுத்து ஓடிய குதிரை, மறுநாள் மறுபடி சேணம் போட்டால் பணிக்கு ஆகுமா என்று பார்ப்பதுதான். காலப்போக்கில் ராணுவத்துக்கு வெளியே இருந்தவர்களும், 1964 டோக்கியோவில் பெண்களும் ஒலிம்பிக் ஈவென்டிங்கில் களமிறங்கினார்கள். படைக் குதிரை விளையாட்டுக் குதிரையாகிவிட்டது. மறுநாள் சோதனை மட்டும் அப்படியே இருக்கிறது.

மாறியிருப்பது, அந்தச் சோதனைக்கு முந்தைய இரவும் அன்றைய விடியலும் லாயத்தில் எப்படிக் கழிகின்றன என்பது. ‘இன்னும் வேலைக்கு ஆகுமா?’ என்பது அன்றைய கேள்வி. ‘இதற்கு இப்போது என்ன தேவை?’ என்பது இன்றைய கேள்வி. அன்றைய லாயக்காரர்களுக்குக் குதிரைமேல் பாசம் குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம். ராத்திரி முழுக்க விழித்திருந்து, வைக்கோலைப் பிரியாக முறுக்கி உடம்பைத் தேய்த்துவிட்ட மனிதர்கள் அவர்கள். ஆனால் அந்தப் பாசம் செய்த சில வேலைகள் குதிரைக்குக் கெடுதலாக முடிந்தன. அளந்து பார்த்த பிறகுதான் அது தெரிந்தது.

தண்ணீர்

பழைய லாயங்களின் முதல் கட்டளை தண்ணீரைப் பற்றியது. சூடு தணியாத குதிரைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது. காட்டினால் வயிற்றுவலி வரும், குளம்பு கெடும் என்றார்கள். நாலு மிடறு குடிக்கவிட்டு வாளியை எடுத்துவிடுவார்கள். கம்பளி போர்த்தி, வியர்வை உலரும் வரை நடத்திக்கொண்டே இருப்பார்கள். குளிர்ந்த நீரைத் தொடையில் ஊற்றினால் தசை இறுகிப் பூட்டிக்கொள்ளும் என்ற பயம் வேறு. இவ்வளவு கவனிப்புக்கும் பிறகு, குதிரை உடம்பில் நீர் வற்றிய நிலையில்தான் மறுநாள் விடிந்தது.

குதிரையின் வியர்வை நம் வியர்வையைப் போன்றதல்ல. நமக்கு வியர்த்தால் உப்பைவிட நீரே அதிகம் போகிறது. மிஞ்சிய ரத்தத்தில் உப்பு செறிவதால் மூளை உடனே தாகத்தை எழுப்புகிறது. குதிரையின் வியர்வையிலோ ரத்தத்தில் இருக்கும் அளவுக்கு, சில சமயம் அதற்கும் மேலாக, உப்பு இருக்கிறது. வெயிலில் கடுமையாக ஓடினால் மணிக்கு 10 முதல் 15 லிட்டர் வரை வியர்வை போகலாம். நீரும் உப்பும் சேர்ந்தே போய்விடுவதால் ரத்தத்தின் செறிவு பெரிதாக மாறுவதில்லை. தாகம் எழ வேண்டிய அளவுக்கு எழுவதும் இல்லை. உடம்பு வற்றிக் கிடக்கும், வாளி நிரம்பியே இருக்கும். ‘அதற்குத் தாகம் இல்லை போல’ என்று பக்கத்தில் நிற்பவர் தவறாக முடிவு கட்டிவிடுவார்.

இன்றைய லாயத்தில் ஓட்டம் முடிந்த உடனேயே தண்ணீர் காட்டுகிறார்கள், வேண்டிய மட்டும் குடிக்க விடுகிறார்கள். முதலில் லேசாக உப்புக் கரைத்த நீர், அதன் பிறகு வெறும் நீர். உப்புநீரை முதலில் குடித்த குதிரை அடுத்தடுத்த மணி நேரங்களில் மொத்தத்தில் அதிகம் குடிக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தாகத்தை எழுப்பும் உப்பு ரத்தத்தில் தங்கிவிடுவதே காரணம். தீனியிலும் உப்பு சேர்க்கிறார்கள். ஆனால் தண்ணீர் குடிக்காத குதிரைக்கு உப்பை மட்டும் வாயில் திணிப்பது ஆபத்து. இருக்கிற நீரையும் அது குடலுக்குள் இழுத்துக்கொள்ளும்.

மறுநாள் விடியலில் லாயக்காரர் முதலில் பார்ப்பது வாளியைத்தான். ராத்திரி வைத்ததில் எவ்வளவு குறைந்திருக்கிறது? எத்தனை முறை சாணம் போட்டிருக்கிறது, அது ஈரமாக இருக்கிறதா, காய்ந்து உருண்டிருக்கிறதா? கழுத்தோரத் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே படிகிறதா, மடிப்பாகவே நிற்கிறதா? மேலுதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி எடுத்தால், வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸுக்குள், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44-க்குள் இருக்க வேண்டும். காசு செலவில்லாத, ஐந்து நிமிடச் சோதனைகள் இவை. அந்த நாளை எப்படிக் கழிப்பது என்பதை இவை சொல்லிவிடும்.

குளிர்ந்த நீரைப் பற்றிய பயத்தை உடைத்தது ஓர் ஒலிம்பிக். 1992-இல் பார்சிலோனாவின் வெக்கையில் பல குதிரைகள் கிராஸ்கன்ட்ரியை முடித்து நிற்க முடியாமல் தடுமாறின. அடுத்த ஒலிம்பிக் அட்லாண்டாவில்; அங்கே வெயிலோடு புழுக்கமும் சேரும். விலங்குநல அமைப்புகள் எதிர்த்தன. சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு ஆய்வாளர்களின் உதவியை நாடியது. ஓடி முடித்த குதிரையின் உடம்பு முழுக்கக் குளிர்ந்த நீரை ஊற்றி அளந்து பார்த்தார்கள். தசை பூட்டிக்கொள்ளவில்லை, உடம்பின் உள்வெப்பம் விரைவாக இறங்கியது. 1996-இல் நீர்த்திவலை தெளிக்கும் மின்விசிறிகளும் பனிநீர்த் தொட்டிகளும் களத்தில் நின்றன. ஓட்டமும் சுருக்கப்பட்டது. முந்தைய நாள் உடம்புக்குள் தங்கிவிடும் சூடு மறுநாளின் சோர்வைக் கூட்டும் என்பதால், மறுநாள் கவனிப்பு இந்த நீர்க்குளியலிலேயே தொடங்கிவிடுகிறது.

தீனி

கடினமான நாளின் இரவில் சூடான தவிட்டுக் கஞ்சி கொடுப்பது ஆங்கிலேய லாயங்களில் தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம். கோதுமைத் தவிட்டில் வெந்நீர் ஊற்றி, உப்புப் போட்டு, மூடிவைத்து, ஆறியதும் கொடுப்பார்கள். இளகிய உணவு, இளைத்த உடம்புக்கு நல்லது என்று நம்பினார்கள். அதிலிருந்த நீரும் உப்பும் உண்மையிலேயே நல்லவைதான். சிக்கல் தவிட்டில் இருந்தது. குதிரையின் பெருங்குடலில் நார்ப்பொருளைச் செரிக்கும் நுண்ணுயிர்க் கூட்டம் வாழ்கிறது. அதற்குப் பழக்கமில்லாத தீனியைத் திடீரென்று, அதுவும் உடம்பு ஓய்ந்த இரவில் கொடுத்தால் குடல் கலங்கிப்போகும். இப்போது அந்த ஈரத்தை வேறு வழியில் சேர்க்கிறார்கள். தினமும் தின்னும் உலர்புல்லையே நனைத்துக் கொடுக்கிறார்கள். பழகிய தீனியில்தான் தண்ணீரைக் கூட்டுகிறார்கள்.

தானியத்திலும் இதே கதைதான். ‘கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்’ என்று நம் ஊரில் குதிரையைச் சொல்வார்கள். இழந்த பலத்தை மீட்க வேண்டும் என்று கொள்ளையோ ஓட்ஸையோ அள்ளிக் கொட்டத் தோன்றுவது இயல்பு. மனிதத் தசையில் தீர்ந்துபோன கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சத்து, மாவுச்சத்து நிறைய உண்டால் ஒரு நாளுக்குள் பெரும்பாலும் நிரம்பிவிடும். குதிரைக்கு இரண்டு மூன்று நாள் ஆகிறது. எவ்வளவு தானியம் கொடுத்தாலும் அந்த வேகம் பெரிதாகக் கூடுவதில்லை. செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகும் மாவுச்சத்து வயிற்றுவலியையும் குளம்பழற்சியையும் கொண்டுவரும். ஆகவே மறுநாள் தானியம் குறைவு, புல் தாராளம். பச்சைப்புல் மேய விட்டால் இன்னும் நல்லது. அதில் நீர் இருக்கிறது, பொட்டாசியம் இருக்கிறது, தலையைத் தாழ்த்தி மெல்ல மெல்ல நடக்கவும் வைக்கிறது.

நிற்பதும் நடப்பதும்

வண்டியும் கலப்பையும் இழுத்த குதிரைகளின் காலத்தில் ஐரோப்பாவில் ‘திங்கட்கிழமை நோய்’ என்று ஒன்றைச் சொல்வார்கள். ஆறு நாள் கடும் உழைப்பு. ஞாயிற்றுக்கிழமை கட்டுத்தறியில் முழு ஓய்வு, ஆனால் தீனி மட்டும் வழக்கம்போல் முழு அளவு. திங்கட்கிழமை காலை பூட்டினால், சில நூறு அடியிலேயே பின்தொடை கல்லாக இறுகி, வியர்த்துக் கொட்டி, குதிரை அசைய மறுத்து நின்றுவிடும். சிதைந்த தசையின் நிறமி கலந்து சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். அந்த நிலையில் அடித்து நடக்க வைத்தால் சிறுநீரகம் பழுதாகிக் குதிரை செத்தும் போகும்.

இந்த நோய்க்குப் பல காரணங்கள் உண்டு என்றும், சில குதிரைகளுக்கு அது பரம்பரையாகவே வருகிறது என்றும் இப்போது தெரியும். ஆனால் உழைப்புக்கு மறுநாள் ஓய்வு என்றால் அசையாமல் நிற்பது அல்ல என்ற பாடத்தை அந்தத் திங்கட்கிழமைகள்தான் கற்றுக்கொடுத்தன. தானியத்தைக் குறைத்து, கையில் பிடித்து நடத்திய பழைய லாயக்காரர்கள் அனுபவத்தால் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள்.

காரணத்தில்தான் தவறு. மறுநாள் விறைப்புக்கு லாக்டிக் அமிலம் தேங்குவதே காரணம் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். அது ஓட்டம் முடிந்த ஓரிரு மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து போய்விடுகிறது. மறுநாள் வலிக்குக் காரணம் தசை இழைகளில் விழுந்த நுண்ணிய சிதைவுகளும் அவற்றைச் சரிசெய்ய வரும் அழற்சியும். அதனால் இப்போதைய மறுநாள், நடைகளாகப் பிரிந்திருக்கிறது. காலையில் பத்துப் பதினைந்து நிமிட நடை, பகலில் புல்வெளி, மாலையில் மறுபடி நடை. சேணம் போடுவதில்லை. போட்டி இன்னும் முடியாவிட்டால் மட்டும் சிறிது இளக்கச் சவாரி. மறுநாளே வெற்றிகரமாக ஓடிவிட்டதால் தசை ஆறிவிட்டது என்று எண்ணி அடுத்த வாரமே மறுபடி விரட்டுவதுதான் பெரிய தவறு.

கால்

குதிரையின் முழங்காலுக்குக் கீழே தசை கிடையாது. எலும்பும் தசைநாணும் தோலும்தான். பின்பக்கமாக ஓடும் தசைநாண் ஒவ்வொரு பாய்ச்சலிலும் ரப்பராக நீண்டு சுருங்குகிறது. அந்தச் சுருக்கத்தில் தப்பும் ஆற்றல் சூடாக மாறுகிறது. முழுப் பாய்ச்சலில் ஓடும் குதிரையின் தசைநாண் உட்பகுதி 45 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுவதை 1990-களில் அளந்தார்கள். தசைநாணுக்கு ரத்த ஓட்டமும் குறைவு. கிழிந்தால் ஆறி வர ஒன்பது மாதம் முதல் ஓராண்டுக்கு மேலும் ஆகும். ஆறினாலும் பழைய வலு திரும்புவதில்லை.

அன்று இதற்கு இரவுக் காவல் களிமண் பற்றும் இறுக்கமான கட்டும்தான். வீங்கிவிட்டாலோ பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போட்டார்கள். நம் கிராமங்களில் மாட்டுக்குச் சூடு போட்டதும் இதே நம்பிக்கையில்தான். சூடு தசைநாணை ஆற்றுவதில்லை என்று 1983-இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பல்லாண்டு காலம் அந்த வேதனையைத் தாங்கிய குதிரைகளுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இன்று பனிக்கட்டி நிரப்பிய காலுறைகள் வந்துவிட்டன. அல்ட்ராசவுண்ட் கருவி தசைநாண் இழைகளைத் திரையில் காட்டுகிறது. பற்றும் கட்டும் இன்னும் பயனில் உள்ளன. ஆனால் கட்டு வீக்கத்தை மறைத்துவிடக் கூடாது என்பதற்காக, சோதிப்பதற்குப் போதிய நேரம் முன்பே அதைக் கழற்றி, கால் தன் இயல்புக்குத் திரும்பிய பிறகே தொட்டுப் பார்க்கிறார்கள்.

எந்தக் கருவியாலும் இடத்தைப் பிடிக்க முடியாத ஒன்று கை. லாயக்காரர் முன்காலின் அருகே குனிந்து, காலைத் தூக்கி மடித்துத் தன் தொடையில் வைத்துக்கொள்கிறார். தசைநாண் இப்போது தளர்ந்து தொங்குகிறது. கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே அதைப் பிடித்து, முட்டிக்குக் கீழிருந்து குளம்பு மூட்டு வரை மெல்ல உருட்டிக்கொண்டே இறங்குகிறார். கயிறு போல் ஒரே பருமனாகப் போக வேண்டும். ஓரிடத்தில் சற்றே தடித்தோ, விரல் பட்டதும் குதிரை காலை இழுத்துக்கொண்டோ இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுவார். பிறகு இரண்டு முன்கால்களையும் இரண்டு உள்ளங்கைகளால் ஒரே நேரத்தில் பிடித்து எது சூடு என்று ஒப்பிடுவார். தினமும் தொட்டுப் பழகிய கைக்குத்தான் இன்று கூடியிருக்கும் சூடு தெரியும். மருத்துவர் அல்ட்ராசவுண்டைக் கொண்டுவருவதும் அந்தக் கை சொன்ன பிறகுதான்.

முகமும் மருந்தும்

குதிரை இரையாக வாழ்ந்த விலங்கு. வலியைக் காட்டிக்கொடுத்தால் ஓநாய் தேடி வரும் என்பது அதன் ரத்தத்திலேயே ஊறியது. அதனால் மறுநாள் காலை சாதாரணமாக நிற்கும் குதிரை சௌக்கியமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. 2014-இல் குதிரையின் முகத்தில் வலியைப் படிக்க ஆறு அடையாளங்களை ஆய்வாளர்கள் வகுத்தார்கள். விறைத்துப் பின்னால் சாய்ந்த காது, இறுகிச் சுருங்கிய கண், கண்ணுக்கு மேலே எலும்பு துருத்தும் இறுக்கம், புடைத்த தாடைத்தசை, இறுகிய வாயும் முகவாயும், விரிந்து இழுபட்ட மூக்குத்துளை. ‘இது முகமே சரியில்லையே’ என்று பழைய லாயக்காரர் சொன்னதற்கு இப்போது மதிப்பெண் போட முடிகிறது. லாயக்காரர் சொன்னதை முதலாளி எளிதில் தள்ளிவிட முடியாத நிலை வந்தது என்பதுதான் இதில் எனக்குப் பெரிய மாற்றம்.

ஏனென்றால் முகத்தை மறைக்கும் மருந்தும் இருந்தது. 1950-களில் குதிரைகளுக்கு வரத் தொடங்கிய ஃபினைல்பியூட்டசோன் என்ற வலிநிவாரணி மறுநாள் நொண்டலை மாயமாக்கிவிடும். 1968 கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயத்தில் முதலில் வந்த டான்சர்ஸ் இமேஜ் குதிரையின் சிறுநீரில் இது தெரியவந்ததும் பரிசு பறிபோனது. சர்வதேசக் குதிரையேற்றப் போட்டிகளிலும் ஒரு காலத்தில் குறிப்பிட்ட அளவுவரை இதை அனுமதித்தார்கள். பிறகு தடை வந்தது. 2009-இல் மறுபடி அனுமதிக்க எடுத்த முயற்சி எதிர்ப்பில் நின்றுபோனது. நல்ல மருந்துதான், காயம் ஆறும் வாரங்களில் வலியைக் குறைப்பது கருணை. ஆனால் மறுநாள் காலை அதைக் கொடுத்துக் களத்துக்கு அனுப்பினால், நிறுத்தச் சொல்லும் ஒரே குரலை அடைத்தது போலாகும்.

லாரி

இவ்வளவு அறிவு சேர்ந்த பிறகு மறுநாள் எளிதாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. போட்டியே மாறிவிட்டது. முந்தைய வடிவத்தில் கிராஸ்கன்ட்ரிக்கு முன்னால் நெடிய சாலை ஓட்டமும் வேகப் பந்தயமும் இருந்தன. அதற்குத் தயார்செய்ய மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். ஒரு குதிரை ஆண்டுக்குச் சில பெரிய போட்டிகளையே தாங்கும். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலிருந்து அந்தக் கட்டங்கள் நீக்கப்பட்டன. ஒரு நாளின் பாரம் குறைந்தது, நாட்களின் எண்ணிக்கை கூடியது.

2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கை எடுத்துக்கொள்வோம். வெயிலுக்குப் பயந்து கிராஸ்கன்ட்ரியை அதிகாலையிலேயே நடத்தினார்கள். பெங்களூரைச் சேர்ந்த ஃபுவாத் மிர்சாவின் குதிரை சைனூர் மெடிகாட், அந்த ஓட்டத்துக்கு அடுத்த நாளே இரண்டு முறை தடைதாண்டி, இந்தியாவுக்கு 23-ஆம் இடத்தைத் தந்தது. அதே கிராஸ்கன்ட்ரியில் தசைநார் கிழிந்த சுவிட்சர்லாந்தின் ஜெட் செட் என்ற குதிரையைக் கருணைக்கொலை செய்ய நேர்ந்தது. விசிறியும் பனிநீரும் எல்லாமும் இருந்த களம் அது.

சிறிய போட்டிகளின் நிலை வேறு. பல குதிரைகளுக்கு மறுநாள் கழிவது புல்வெளியிலும் இல்லை, லாயத்திலும் இல்லை. நெடுஞ்சாலையில் ஓடும் லாரியில். ஆடும் தளத்தில் மணிக்கணக்கில் கால் ஊன்றிச் சமன்செய்வதே தசைக்கு ஒரு வேலை. தலையை உயர்த்திக் கட்டியிருப்பதால் மூச்சுக்குழாய்ச் சளி கீழே வடிய முடியாமல் நுரையீரல் காய்ச்சல் வருகிறது. பயணத்தில் தண்ணீரும் சரியாகக் குடிப்பதில்லை. நேற்று இழந்த நீர் நாளையும் சேர்வதில்லை. சில மணிக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தித் தலையைத் தாழ்த்தவிட்டு, தண்ணீர் காட்டி, நனைத்த புல் போட்டால் போதும். அதற்கும் முன்னால், அன்றே கிளம்பாமல் ஓர் இரவு தங்கிவிட்டால் இன்னும் நல்லது. செலவு ஆகும். அதுதான் தடை.

விளையாட்டு விதிகளுக்கு இதில் பங்கு உண்டு. நெடுந்தூர ஓட்டப் பந்தயத்தில், ஓடிய தூரத்துக்கு ஏற்பக் கட்டாய ஓய்வு நாட்களைச் சர்வதேசக் கூட்டமைப்பு விதித்திருக்கிறது. மற்ற பிரிவுகளில் பெரும்பாலும் அது உரிமையாளரின் மனச்சாட்சிக்கு விடப்பட்டிருக்கிறது. கலிஃபோர்னியாவில் 1955-இல் தொடங்கிய டெவிஸ் கோப்பை ஓட்டத்தில், மலைப்பாதையில் ஒரே நாளில் 100 மைல் கடக்க வேண்டும். அங்கே 1964 முதல் ஹாகின் கோப்பை என்று இன்னொரு பரிசும் தருகிறார்கள். முதல் பத்து இடங்களில் வந்த குதிரைகளை மறுநாள் காலை மருத்துவர்கள் சோதித்து, உடல்நிலை மிகச் சிறப்பாக இருக்கும் குதிரைக்கு அதைக் கொடுக்கிறார்கள். வென்ற குதிரைக்குத்தான் கிடைக்கும் என்பதில்லை. மறுநாளுக்குப் பரிசு என்று வந்துவிட்டால், முந்தைய நாளே அளவோடு ஓட்டக் கற்றுக்கொள்வார்கள்.

ஒவ்வொரு போட்டியும் இப்படி ஒரு பரிசை வைக்கலாம். எந்தக் குதிரையும் மறுநாள் லாரி ஏற வேண்டாம் என்று லாயத்தை ஒரு நாள் கூடுதலாகத் திறந்து வைக்கலாம். பெரிய ஆராய்ச்சி எதுவும் இதற்குத் தேவையில்லை, தெரிந்திருப்பதே போதும். இதற்கெல்லாம் மேலாக வேண்டியது ஓர் அதிகாரம். விடியலில் வாளியைப் பார்த்து, காலைத் தொட்டு, முகத்தைப் படிப்பவர் லாயக்காரர். அவர் ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று சொன்னால், சவாரி செய்பவரும் உரிமையாளரும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். நூறாண்டு சேர்த்த அறிவு அந்த ஒரு சொல்லுக்கு மதிப்பு கிடைக்கும்போதுதான் குதிரைக்குப் போய்ச் சேரும்.